திங்கட்கிழமைச் சல்லடை

கலீபுல்லா சாரை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குக் கோபம் வரும். அவர் மேல் இல்லை, புகழ்கிறவர்கள் மேல். "என்ன கன்ட்ரோலு! அவர் வகுப்புல ஈ பறந்தாக் கேக்கும்" என்பார்கள். கேட்கும்தான். பக்கத்து வகுப்பில் நின்று அந்த ஈயை நானும் கேட்டிருக்கிறேன். அந்த அமைதியை யாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தோம் என்பது மட்டும் இவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

நான் பாண்டியம்மாள். சிலமலைக்காரி. போடியில் சுந்தரவேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரிக்கு முதல்வர் இருந்தார், முத்திரை இருந்தது, ஆண்டு விழா கூட இருந்தது. கட்டடம்தான் இல்லை. அது எழும்பும்வரை பி.யூ.சி. வகுப்புகளைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கியில் நடத்தச் சொன்னார்கள். நீளமான ஒரே கூடம். நடுவே மூங்கில் தட்டி கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வணிகவியல். வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்ததும் "ஆகா, என்ன வாசனை!" என்று மூச்சை இழுப்பார்கள். நாள் முழுக்க அந்த வாசனைக்குள் நின்று கத்திப் பார்த்தால் அந்த ஆகா வராது, தலைவலிதான் வரும்.

வணிகவியலுக்கு 1973-இல் வந்து சேர்ந்தவர் கலீபுல்லா. உள்ளூர்க்காரர். ஏலக்காய்க் கடை மூசா ராவுத்தரின் மூத்த மகன். அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்குகிற காயை வாங்கிச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிற கடை அது. மூசா ராவுத்தர் ஒரு கை காயை அள்ளி, மூடிய கைக்குள் குலுக்கி, "இது ரெண்டாந்தரம்" என்றால் அது ரெண்டாந்தரம்தான். விலைக்காகச் சண்டை போடுவார்கள். தரத்துக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வீட்டுக் கண் பொய் சொல்லாது என்று குரங்கணியிலிருந்து போடிமெட்டு வரைக்கும் ஒரு நம்பிக்கை.

அந்தக் கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எம்.காம். படித்தவர் கலீபுல்லா. ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான குரல். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். விஷயம் தெரிந்தவர். தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டே நான் கணக்குப் பதிவியல் கற்றுக்கொண்டேன் என்றால் பாருங்கள். எனக்குக் கேட்டது, அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கேட்கவில்லை.

அவர்கள் கேட்க விடவில்லை. பலகைப் பக்கம் அவர் திரும்பினால் போதும், பின் வரிசையிலிருந்து ஜீப்பு ஸ்டாண்டுக் குரல் கிளம்பும். "மெட்டு, மெட்டு, மெட்டு! ஒரே ஆளு, ஒரே ஆளு! அண்ணே, வெரசா ஏறுங்க!" உடனே வகுப்பு மொத்தமும் உர்ரென்று இஞ்சின் சத்தம் போடும். யாரோ ஒருவன் "வளைவு!" என்பான். எல்லாரும் இடது பக்கம் சாய்வார்கள். "அடுத்த வளைவு!" எல்லாரும் வலது பக்கம். போடிமெட்டு ஏறி முடிக்கும்வரை பாடம் நடக்காது. முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்துவிட்டேன், என் பிள்ளைகளும் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனை வாரத்துக்கு ஐந்து நாள் சாகடிப்பதில் என்ன சிரிப்பு இருக்கிறது?

நானாக இருந்தால் அந்த இஞ்சினை முதல் வளைவிலேயே நிறுத்தியிருப்பேன். என் தொண்டை சோளக்கொல்லையில் கிளி விரட்டிப் பழகிய தொண்டை. அவருக்கு அது வராது. கோபப்பட்டால் அவருக்குக் குரல் இன்னும் மெலிந்து போகும்.

முதல் வருடம் எப்படியோ ஓடியது. இரண்டாம் வருடம் வந்த கூட்டம் அதைவிட மோசம். அதற்குத் தலைவன் காசிமாயன். மலையில் தோட்டம், கீழே வயல், கடைவீதியில் வீடு என்று எல்லாம் உள்ள குடும்பம். ஆடிக்காற்று அடிக்கிற ஒரு நாள் முதல்வர் கலீபுல்லாவை அறைக்குக் கூப்பிட்டார். மதுரையில் பெரிய கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், வார்த்தையை அளந்து பேசுவார். "உங்க வகுப்புச் சத்தம் ரோட்டுல போறவனுக்குக் கேக்குது. வர்ற மார்ச்சோட உங்க ரெண்டு வருஷம் முடியுது. அதுக்குள்ள வகுப்பு உங்க கைக்கு வரலேன்னா நான் நிரந்தரத்துக்கு எழுத மாட்டேன்."

இடைவேளையில் என்னிடம் வந்து சொன்னார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "கடைக்குத் திரும்பிப் போக முடியாதுக்கா. வேண்டாம்னு சொல்லிட்டு வந்த கல்லாவுல எந்த முகத்தோட உக்காருறது? எங்க அத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாக. அதுதான் பயமா இருக்கு."

"அப்ப ஒரு அதட்டுப் போடுங்க சார்."

"வரல அக்கா. அந்தத் தவசிப் பய ஒருத்தனுக்காகத்தான் உள்ளயே போறேன்."

தவசியை எனக்கும் தெரியும், முகத்தைப் பார்க்கும் முன்பே குரலாகத் தெரியும். குரங்கணிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பையன். மலையில் மலையாளம் கலந்து பேசிப் பழகியவன், சார் என்று சொல்ல வராது, "சாரே" என்பான். வகுப்பே அதைச் சொல்லிக் கேலி செய்யும். அவன் கண்டுகொள்ள மாட்டான். அத்தனை இரைச்சலுக்கு நடுவே, "சாரே, அந்த எடத்த இன்னொருக்கா சொல்லுங்க" என்று தட்டியைத் தாண்டி அவன் குரல் வரும். "அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்கண்ணே, சார் சொல்லட்டும்" என்று காசிமாயனிடமே கெஞ்சுவான். அப்பா இல்லை. அம்மா சுருளியம்மாள் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். வாரநாளில் போடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தான்.

கடையில்தான் வழி பிறந்தது. முதல்வர் அறையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் கலீபுல்லா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பெண்கள் காய் சலிக்கிறார்கள். மேல் சல்லடையில் பருமனான காய் தங்கும். அதற்கடுத்ததில் நடுத்தரம். அதற்கும் அடுத்ததில் சிறு காய். எதிலும் தங்காமல் கீழே விழுவது, வெடித்ததும் சுருங்கியதும், கழிசல். மூசா ராவுத்தர் மகனைப் பார்த்து என்ன என்று கேட்டிருக்கிறார். இவர் சொல்லியிருக்கிறார். அவர் சல்லடையைக் காட்டினாராம்.

"எல்லாம் கலந்து கெடக்குறதுனாலதான் தம்பி சத்தம். சலிச்சுப் போடு. மேல உள்ளவன் கீழ விழக் கூடாதுன்னு பாப்பான், கீழ உள்ளவன் மேல வரப் பாப்பான். கத்துறதுக்கு எவனுக்கு நேரம் இருக்கும்?"

அடுத்த வாரமே சல்லடை வகுப்புக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை பரீட்சை. செவ்வாய்க்கிழமை மதிப்பெண் வரிசைப்படி இடம். நாலு வரிசை. முதல் வரிசைக்குக் கேள்வி கேட்கலாம், பலகையில் வந்து எழுதலாம். இரண்டாவதும் மூன்றாவதும் கேட்டால் பதில் சொல்லலாம். நாலாம் வரிசை பேசவே கூடாது. பதில் தெரிந்தாலும் கூடாது, சந்தேகம் வந்தாலும் கூடாது. பேசினால் வெளியே. நாலாம் வரிசைக்குக் கழிசல் பெஞ்சு என்று பெயர் வைத்தது அவர் இல்லை, பிள்ளைகள். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏன் திங்கட்கிழமை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. சனி ஞாயிறில் மலையிலிருந்து லோடு இறங்கும், திங்கட்கிழமை காலையில் கடையில் சலிப்பார்கள். பிறந்ததிலிருந்து திங்கட்கிழமை என்றால் சலிக்கிற நாள் என்று பார்த்து வளர்ந்தவர். வேறு நாள் அவருக்குத் தோன்றியிருக்காது.

பலித்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த ஊரில் பாதிப் பேர் ஏலக்காயால் சாப்பிடுகிறவர்கள். மகன் எத்தனை மார்க் வாங்கினான் என்று கேட்கத் தெரியாத அப்பன்கூட, "எந்தச் சல்லடைடா நீ?" என்று கேட்டான். காசிமாயன் முதல் பரீட்சையில் கழிசலில் விழுந்தான். அவன் அப்பா மூசா ராவுத்தர் கடைக்கு வந்திருந்தபோது யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தன் தோட்டத்துக் காய் முதல் சல்லடையில் நிற்க, மகன் கீழே கிடக்கிறான் என்றால் மனுஷன் சும்மா இருப்பாரா? வீட்டுக்கே ஒருவரை வரவழைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மாதம் முடிவதற்குள் காசிமாயன் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டான். ஜீப்பு நின்றுபோயிற்று. தட்டிக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. என் வகுப்புத்தான் இப்போது இரைச்சல் என்று முதல்வர் என்னைப் பார்த்துச் சொன்னார். சந்தோஷத்தில் மற்ற எல்லா வகுப்புக்கும் திங்கட்கிழமைப் பரீட்சை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

கலீபுல்லாவின் நடை மாறியது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "அக்கா, இன்னிக்கு முழுசா ஒரு பாடத்த முடிச்சேன்" என்று குழந்தை மாதிரி சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கடைவீதி வழியாக வந்துகொண்டிருந்தேன். மூசா ராவுத்தர் கடை முன்னால் மலை ஜீப்பு நிற்கிறது. மேலேயிருந்து மூட்டையை முதுகில் வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் போடுகிறான் ஒரு பையன். கடைசி மூட்டையைப் போட்டதும் டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு கிட்டங்கியைப் பார்த்து ஓடுகிறான். தவசி. ஆவணி பிறந்து காய் எடுப்பு தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை மலைக்கு ஏறுகிறவன், சனி ஞாயிறு அம்மாவோடு காய் எடுத்துவிட்டு, லோடு ஜீப்பில் மூட்டை மேல் உட்கார்ந்து இறங்குகிறான். இறங்கியதும் பரீட்சை. காய்க் கறை பிடித்த விரலோடு எழுதுகிறான். கண் சொருகுகிறது. அவன் எடுத்த காய் கடையில் சலிக்கப்படுகிற அதே நேரத்தில் அவனை இங்கே சலிக்கிறார்கள்.

முதல் வரிசையில் இருந்தவன் இரண்டாவதுக்கு வந்தான், பிறகு மூன்றாவது. புரட்டாசியில் நாலாவதில் விழுந்தான். அப்புறம் எழும்பவே இல்லை. அவன் மட்டுமா? மற்ற மலைக் குடியிருப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான்.

நான் கலீபுல்லாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "திங்கட்கிழமையை மாத்துங்க சார். வியாழக்கிழமை வைங்க. அந்தப் பையன் தூங்காம வந்து எழுதுறான்."

எந்தப் பையன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அறிவிப்புல ஒட்டியாச்சே அக்கா. முதல்வர் போட்ட உத்தரவு ஆயிப்போச்சு."

"அப்ப அவன மட்டும் முன்னால உக்கார வைங்க. கேள்வியாவது கேக்கட்டும்."

"ஒருத்தனுக்கு இளக்கிவிட்டா, மத்தவனெல்லாம் சும்மா இருப்பானா? நாளைக்கே மெட்டு மெட்டுன்னு ஆரம்பிச்சுருவானுக. மார்ச்சு வரைக்கும் அக்கா. மார்ச்சு தாண்டிட்டா நானே மாத்திர்றேன்."

மார்ச்சு வரைக்கும் அவன் தாங்குவானா என்று கேட்டேன். பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் வந்தது. "சாரே, இருப்பு நிலைக் குறிப்புல அந்த..." அவ்வளவுதான் வந்தது. கலீபுல்லா சொன்னார்: "நாலாம் வரிசை கேக்கக் கூடாது. தெரியும்ல?" அவருக்கு அத்தனை தெளிவாகக் குரல் வந்து நான் கேட்டதே இல்லை. "தெரியும் சாரே" என்றான் தவசி. வகுப்பில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. என் பக்கம் இலையின் பாகங்களைச் சொல்லிக்கொண்டிருந்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன். கையில் இருந்த சாக்பீஸைத் தட்டி மேல் வீசி அடிக்கலாம் போல ஆத்திரம். பிறகு தவசியின் குரல் ஒரு நாளும் கேட்கவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்து எல்லாரும் வந்தார்கள், அவன் வரவில்லை.

கார்த்திகையில் செடி சேகரிக்கக் குரங்கணிக்குப் போக வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்துக் கலீபுல்லாவையும் இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஜீப்பு போகிற வரைக்கும் போய், பிறகு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். மழை பெய்து வழுக்கியது. ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து வேரடியில் காய் எடுத்துக்கொண்டிருந்தான் தவசி. பக்கத்தில் அவன் அம்மா. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி, தங்கை.

எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தான். கையைச் சட்டையில் துடைத்தான். "சாரே, இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீக? அட்டை கடிக்குமே." ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னான். கோபம் இருக்கும், திட்டுவான், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எதுவும் இல்லை. சொந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி ஓடி ஓடி உபசரித்தான்.

"நாளைக்கே வந்துரு தவசி" என்றார் கலீபுல்லா. "முன்னால உக்கார வைக்கிறேன்."

அவன் சிரித்தான். "முன்னால வச்சா காய் பெருத்துருமா சாரே?"

"நீ நல்லாப் படிக்கிற பயடா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பொறவு நீங்க சலிச்சீக. ஒரு வாரம்னா ஏதோ தப்புன்னு விட்றலாம். வாராவாரம் அதே எடத்துலதான விழுந்தேன்? உங்க வீட்டுக் கண்ணு தப்புமா?"

சுருளியம்மாள் கலீபுல்லா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ராவுத்தர் வீட்டுச் சொல்லுன்னா சரியாத்தான்யா இருக்கும். இவன் படிச்சு ஆளாயிருவான்னு ஒரு ஆச இருந்துச்சு. வேற ஆளா இருந்தா வீணா இன்னும் ரெண்டு வருசம் இழுத்தடிச்சிருப்பாக. நீங்க வெரசாச் சொல்லிட்டீக. நல்லா இருப்பீக."

நன்றி சொல்கிறாள். நான் அழுதுவிட்டேன். கலீபுல்லா அழவில்லை. "சல்லடை தப்பும்மா" என்றார். "திங்கட்கிழமை வச்சது என் தப்பு. அவன் மேல தப்பில்ல." அவள் புரியாமல் மகனைப் பார்த்தாள். தவசி அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான்: "மனசுல வச்சுக்கிறாதீக சாரே. நீங்க பாடம் சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. இங்க கணக்குப்பிள்ளைக்கு நான்தான் கூட்டிக் கொடுக்குறேன்." பிறகு காய் எடுக்கக் குனிந்துவிட்டான். கங்காணி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது ஜீப்பில் கலீபுல்லா, "கடையில யாருமே மறுத்துப் பேச மாட்டாகக்கா. அத எங்க அத்தா பெருமையாச் சொல்லுவாக" என்றார்.

மறுநாள் வகுப்பில் சல்லடை கிடையாது, எல்லாரும் கலந்து உட்காருங்கள் என்று சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சு நகரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். காசிமாயன் எழுந்தான். "படிச்சு வாங்குன எடம் சார். எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதற்கும் மேலே ஒன்று கேட்டது. நாலாம் வரிசையிலிருந்து ஒரு மலைப் பையன், பயந்த குரலில், "எங்களுக்கு இதே போதும் சார்."

அவர் விடவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, இடம் மாற்றி உட்கார வைத்தார். வியாழக்கிழமை அவர் பலகைப் பக்கம் திரும்பியபோது, மாதக்கணக்கில் நின்றிருந்த ஜீப்பு மறுபடி கிளம்பியது. "மெட்டு, மெட்டு!" முன்பைவிட உற்சாகமாக. வளைவுக்கு வளைவு சாய்ந்தார்கள். முதல்வர் வாசலில் வந்து நின்றார். மெட்டு ஏறி முடிக்கும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை பரீட்சை நடந்தது. செவ்வாய்க்கிழமை பழையபடி நாலு வரிசை.

நான் அவரோடு பொங்கல் வரைக்கும் பேசவில்லை. அவரும் வந்து பேசவில்லை. என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. வேலையை விட்டிருக்கலாமா? விட்டிருந்தால் தவசி திரும்பி வந்திருப்பானா? ஊர் முழுக்க வாங்குகிற ஒன்றை அவர் ஒருவர் மட்டும் விற்காமல் இருந்து என்ன ஆகும்? இப்படியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன், கடைசியில் தவசியின் அந்தச் சிரித்த முகம் வந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் போகும்.

மார்ச்சில் அவர் வேலை நிரந்தரமானது. மார்ச்சு தாண்டினால் மாற்றுகிறேன் என்றாரே, மாற்ற அவர் கையில் எதுவும் இல்லை. அது கல்லூரியின் வழக்கமாகிவிட்டது. பி.யூ.சி. போய், பிளஸ் டூ வந்து, எங்களுக்குப் பட்ட வகுப்புகள் மட்டும் மிஞ்சின. ஊருக்கு வெளியே செங்கல் கட்டடத்துக்குக் குடிபோனோம். தட்டி போய்ச் சுவர் வந்தது. நாலு வரிசை மட்டும் எங்களோடு கூடவே வந்தது. அவர் வகுப்புக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களுக்கு வகுப்பை எப்படி நடத்துவது என்று பேச அவரை மேடையேற்றினார்கள். மாலை போட்டு, மைக்கைச் சரிசெய்து கொடுத்தார்கள். "திங்கட்கிழமை பரீட்சை வைக்காதீங்க" என்றார். அப்படியே போய் உட்கார்ந்துவிட்டார். நகைச்சுவை என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டு உடம்பெல்லாம் எரிந்தது.

1984 ஜூலை. பி.காம். முதலாண்டு முதல் நாள். புதிதாக வந்த பெண்பிள்ளைகளை வகுப்பு காட்டி உட்கார வைக்கிற சோலி எனக்கு. கலீபுல்லா சார் பெயரைக் கேட்டே பயந்து வந்த கூட்டம், உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. முதல் பெஞ்சில் நிறைய இடம் இருந்தது. எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண், நான் காட்டிய இடத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"முன்னால எடம் இருக்கேம்மா" என்றார் கலீபுல்லா. "இங்க வா."

அவள் எழுந்து நின்றாள். "இருக்கட்டும் சாரே. இங்கயே இருந்துக்கிறேன்."

"சாரே" என்ற அந்த ஒரு சொல்லில், முன் பெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். குரங்கணிக்கு மேலே என்றாள். பேர் ராமுத்தாய். "எங்கண்ணன் தவசி. உங்ககிட்டப் படிச்சது. அதுதான் என்னயப் படிக்க வைக்கிது."

கலீபுல்லா முதல் பெஞ்சுப் பக்கம் வந்து நின்றார். "அப்ப முன்னால வந்து உக்காரும்மா. நான் சொல்றேன்ல."

அவளுக்கு அவரை மறுத்துப் பேசுவது கூச்சமாக இருந்திருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணன் சொல்லித்தான் விட்டுச்சு சாரே. போனதும் கடைசியில உக்காந்துக்கன்னு. முன்னால உக்காந்துட்டா பொறவு சார்தான் எந்திரிச்சுப் போகச் சொல்லணும், அவரு மனசு தாங்காது, அண்ணனப் பேசாதன்னு சொன்னப்பவே அவரு கண்ணு கலங்கிருச்சுன்னு சொல்லுச்சு."

அன்றைக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. கண்ணைத் தவசி பார்த்திருக்கிறான்.

ராமுத்தாய் உட்கார்ந்தாள். கலீபுல்லா பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதினார். பாடத்தின் பெயரை எழுதினார். வகுப்பைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தண்ணீர் குடித்தார். மறுபடி திறந்தார், வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசலிலேயே நின்றேன். என்னால் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை.

ஒரு பையன் இருமவில்லை. ஒரு பெஞ்சு அசையவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் வந்த முதல்வர், இவர் புதியவர், என் தோள் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "வகுப்புன்னா இப்பிடி இருக்கணும் மேடம்" என்று என்னிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.